ஒன்பது மைல் மாப்பிள்ளை

"இறங்காதீங்க மாமா! கெட்டியாப் பிடிச்சிக்கிட்டு அப்படியே உக்காந்திருங்க. இந்த ஏத்தத்தை ஏறிருவேன்."

கேரியரில் உட்கார்ந்திருந்த சுடலையாண்டி சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சரள் ரோடு. சக்கரத்துக்கு அடியில் கல் தெறித்தது. இரண்டு பக்கமும் உடைமுள். விழுந்தால் வேட்டி மட்டுமா கிழியும்?

தளவாய் ஏறிவிட்டான். மேட்டு உச்சியில் அவனுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

அவனை மாப்பிள்ளை பார்க்கத்தான் சுடலையாண்டி குற்றாலத்திலிருந்து அச்சன்புதூருக்கு வந்திருந்தார். மனைவி வள்ளித்தாய் ஒரு மாதமாக நச்சரித்ததன் பலன். வீடு, வயல், பெற்றவர்கள் எல்லாமே பிடித்துப்போயிற்று. பையன் மட்டும் வாத்தியார் வேலைக்குப் போயிருந்தான். காத்திருந்து பார்த்துவிட்டு, சாயங்காலம் ஊர் திரும்பலாம் என்று ரோட்டுக்கு வந்தால், பெட்ரோல் கிடைக்காத யுத்த காலத்தில் கரியில் ஓடிய பஸ் நாலு தடவை புகைந்துவிட்டு நகர மாட்டேன் என்று நின்றுவிட்டது. பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தவர் முன்னால் ஒரு சைக்கிள் வந்தது. ஓட்டி வந்தவன் புளியமரத்தை ஒரு கையால் பிடித்தபடி, "நாந்தான் தளவாய். ஏறுங்க மாமா, உங்க வீட்டுல விட்டுருதேன்" என்றான்.

"தென்காசி ரோட்டுல போகாம ஏன் தம்பி இந்தக் காட்டு வழி?"

"டபுள்ஸ் போனா போலீஸ்காரன் கேஸ் எழுதிருவான் மாமா. மாப்பிள்ளை பாக்க வந்த அன்னைக்கே உங்களை ஸ்டேஷன்ல உக்கார வைக்கவா?"

சுடலையாண்டி சிரித்துவிட்டார்.

இலத்தூரைத் தாண்டியதும் முள்காடு குறைந்து தேக்கும் மூங்கிலும் வந்தன. செம்மண் தடம் மேடும் பள்ளமுமாக மலையடிவாரத்தை ஒட்டியே போனது. சாரல் முகத்தில் பட்டது. இதே மலையைப் பார்த்துக்கொண்டு ஐம்பது வருஷம் வாழ்ந்தவர்தான். ஆனால் இவ்வளவு அழகாக அதை அவர் பார்த்ததே இல்லை.

"முன்னால ஒரு வேரு கெடக்கு. காலைத் தூக்கிக்கிடுங்க."

சொன்ன இடத்தில் வேர் இருந்தது.

"எப்படித் தம்பி, கல்லும் வேரும்கூட அத்துப்படியா இருக்கு?"

"ஞாயித்துக்கிழமையானா இந்தப் பக்கந்தான் மாமா. ரோட்டுல போனா ஊருதான் வரும். இங்கன போனா மலை கூடவே வரும்லா?"

அட, பேச்சும் நன்றாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார்.

ஓர் ஓடைக்கரையில் சைக்கிள் நின்றது. சுடலையாண்டி இறங்கிப் போய் இரண்டு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார்.

"நீயும் இறங்கிக் குடி தம்பி. தேனா இனிக்கு."

"வேண்டாம் மாமா. இறங்குனா சோம்பல் வந்துரும்." மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு சீட்டிலேயே இருந்தான்.

என்ன வைராக்கியம்! அவருடைய தங்கை மகனும் சைக்கிள் விடுகிறான், நூறு அடிக்கு ஒரு தடவை பீடி பற்ற வைக்க இறங்கிக்கொண்டு. இவன் அல்லவா ஆம்பளை! மறுபடி கேரியரில் ஏறியபோது, அவர் வாயில் 'தம்பி' தானாகவே 'மாப்பிள்ளை' ஆகிவிட்டது.

பொழுது சாயும் நேரத்தில் குற்றாலத்தில் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். ஜன்னலுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. மகள் முப்பிடாதி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள்.

"ஏட்டி வள்ளி! யாரு வந்திருக்கான்னு பாரு! காப்பி போடு!" என்று கத்திய சுடலையாண்டி, "இறங்குங்க மாப்பிள்ளை" என்றார்.

தளவாய் வாசல் சுவரைப் பிடித்தபடி சீட்டிலேயே இருந்தான். "இருக்கட்டும் மாமா. நான் கெளம்புதேன்."

சுடலையாண்டிக்கு மனசு நிறைந்துபோனது. சம்பந்தம் பேசி முடிகிற வரைக்கும் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது. அந்த முறையைக்கூடத் தெரிந்து வைத்திருக்கிறானே!

"அப்படின்னா, இப்பவே பேசி முடிஞ்சிட்டுன்னு வச்சிக்கிடுங்க. என் மகளை உங்களுக்குத்தான் தாரேன். இறங்கி வந்து கை நனைங்க."

தளவாய் தலையைக் குனிந்துகொண்டான். "நான் இறங்குன பொறவு இதையே ஒரு தடவை சொல்லுங்க மாமா."

இறங்கினான். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு நாலு எட்டு நடந்தான். ஒவ்வோர் எட்டுக்கும் உடம்பு இடது பக்கம் சாய்ந்தது. கால் மண்ணை இழுத்துக்கொண்டு வந்தது.

சுடலையாண்டி இழுபட்ட அந்தக் காலையே பார்த்தார்.

"சின்னப்பிள்ளையில காய்ச்சல் வந்து காலு சூம்பிப்போச்சு. இதுவரைக்கும் மூணு வீட்டுக்காரங்க, நான் நடந்து வாரதைப் பாத்ததுமே எந்திரிச்சுப் போயிட்டாங்க. நீங்க ஒரு ஒன்பது மைலாவது என்னைய நல்லவிதமாப் பாக்கட்டுமேன்னுதான்..." அவன் அவர் முகத்தைப் பார்த்தான். "தப்புதான் மாமா. மன்னிச்சிருங்க."

சுடலையாண்டிக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக வருத்தம் வந்தது. தன்னை இத்தனை தூரம் சுமந்து வந்தது அந்தக் கால்தானே? கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கவும் அவருக்கு வாய் வரவில்லை, இன்னொரு தடவை சொல்லவும் வரவில்லை.

தளவாய் சைக்கிளை நோக்கித் திரும்பினான்.

அப்போது காப்பி டம்ளரோடு வாசலுக்கு ஓடிவந்தாள் வள்ளித்தாய். அவன் நடையைப் பார்த்ததும் அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"காலைப் பத்திச் சொன்னா நீங்க கெளம்பியிருக்கவே மாட்டீங்கன்னுதான் உங்ககிட்டச் சொல்லல" என்றாள் புருஷனிடம். "சீசன்ல அருவிக்கரையில பாத்து, கட்டுனா இவரைத்தான்னு முப்பிடாதி சொன்னவரு இப்படிச் சாய்ஞ்சு நடக்கவருதான். இந்த மங்கல் வெளிச்சத்துல முகம் தெரியாம, நீங்க சைக்கிள்ல பறந்து வார யாரையோ கூட்டியாந்துட்டீங்கன்னு அவ உள்ள அழுதுக்கிட்டுக் கெடக்கா!"