காலியாக இருக்கலாம்

“ஊழியர் விவரம் இருக்கற டேட்டாபேஸ்ல இந்த அகராதியும் ஒரு டேபிள்தாங்க மேகலா. எந்தக் கட்டத்துக்கு என்ன பேரு, அதைக் காலியா விடலாமா கூடாதா, எல்லாம் இதுல இருக்கும்.”

“ஆளுங்க?”

“ஆளுங்க இருக்க மாட்டாங்க. கட்டம் மட்டும்தான்.”

“பாவம், வீட்டைக் கட்டிட்டு யாரையும் குடிவைக்காத மாதிரி!”

வேலைக்குச் சேர்ந்த நாளில் எதிர் மேஜை திருமாறனோடு பேசியது மேகலாவுக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதன்பின் எத்தனையோ முறை அவனிடம் ஒன்றைக் கேட்க வாயெடுத்து, காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறாள்.

இன்று அகராதியில் ‘துணையின் பெயர்’ என்ற கட்டத்துக்கு நேரே இருந்த ‘காலியாக இருக்கலாம்’ என்பதைக் ‘கூடாது’ என்று மாற்றினாள். கைதவறி என்று சொல்லிக்கொள்ளலாம். டேட்டாபேஸ் ஒப்புக்கொள்ளவில்லை. ஊழியர்களில் இரண்டு பேருக்கு அந்தக் கட்டம் ஏற்கெனவே காலி என்றது.

திருமாறன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். “ஒண்ணு நான், இன்னொண்ணு நீங்க. வீட்டுல திட்டுறது பத்தாதுன்னு இதுவும் ஆரம்பிச்சிடுச்சா? பழையபடி மாத்திடுங்க. காலியா இருந்தா இருந்துட்டுப் போகுது.”

விசைப்பலகையை நோக்கி நீண்ட அவன் கையை மேகலா மெல்லத் தடுத்தாள்.

“மாத்த வேண்டாங்க. ரெண்டையும் நிரப்பிடலாமா?”