பின்னால் வருகிறவன்

பதினோராம் நாள் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். தண்ணீரில் மூழ்கித் தேடியவர்கள் படகைக் கரையேற்றிக்கொண்டு போன பிறகு, ஏரியைச் சுற்றிக் காட்டுக்குள் போகும் நடைபாதையை மறுபடி திறந்தார்கள். முதல் ஆளாக அன்று காலையில் சீட்டு வாங்கியவர் ஜெபமணி, காணாமல்போன ரூபனின் அப்பா.

"ஏரியச் சுத்திட்டு இங்கயேதான் வந்து முடியும் சார். வழி தப்பவே முடியாது," என்றார் வனக்காவலர் மாடசாமி, எல்லோரிடமும் சொல்வதைப் போல. சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. ஜெபமணி தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

ரூபனோடு வந்த மூன்று நண்பர்களும் போலீசிடம் அழுதுகொண்டே ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தார்கள்: "பின்னால வந்துட்டு இருக்கான்னு நெனச்சோம்."

ஜெபமணி ஒவ்வொரு வளைவிலும் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை, ஏரிப்பக்கமும் பார்க்கவில்லை. மூச்சு வாங்க நடக்கிற ஒருவன் வந்து சேர எவ்வளவு நேரம் பிடிக்குமோ, அவ்வளவு நேரம் நின்றுவிட்டு அடுத்த வளைவுக்கு நடந்தார். சிரித்துப் பேசிக்கொண்டு வந்த குடும்பங்கள் அவரை விலகிக் கடந்துபோயின. இரண்டு மணி நேரத்தில் முடிகிற சுற்று அவருக்கு மாலை ஐந்து மணிவரை இழுத்தது. வாசல் தெரிகிற இடத்துக்கு வந்தும் நின்றுவிட்டார்.

"சார், கேட்டப் பூட்டணும். வாங்க," என்று மாடசாமி மெதுவாகக் கூப்பிட்டார்.

"ஒரு ஆள் வரணும் தம்பி. அவன் கொஞ்சம் மெதுவாத்தான் நடப்பான்."

மாடசாமி பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றார்.