தள்ளுபடி ராணி

“எல்லாத்தையும் போடுங்க” என்றேன்.

வாடகைக் கார் கவுன்ட்டரில், என் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் தமிழில் வணக்கம் சொன்ன பெண் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடி உடைந்தால், வண்டி திருடு போனால், கதவில் கீறல் விழுந்தால் என்று ஒவ்வொரு இன்ஷூரன்ஸாகச் சொல்லி என்னைப் பயமுறுத்தத் தயாராக இருந்தவள். பாவம், பேச்சை ஆரம்பிக்கவே விடவில்லை நான்.

இந்த மாதிரி கவுன்ட்டர்களில் வாயாடியே ஜெயித்தவள் நான். வெளிநாட்டில் இறங்கியதும் மற்றவர்கள் பெட்டியைத் தேடுவார்கள். நான் சண்டைக்குத் தயாராவேன்.

குடும்பத்தில் எனக்குத் ‘தள்ளுபடி ராணி’ என்று பெயர். வைத்தவன் என் தம்பி.

யார் வெளிநாடு கிளம்பினாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். ஏர்போர்ட்டில் வண்டி எடுக்காதே, பஸ் பிடித்து ஊருக்குள் போய் எடு, பாதி வாடகைதான். இருப்பதிலேயே சின்ன வண்டியாகக் கேள். அது தீர்ந்து போயிருந்தால் அதே வாடகைக்குப் பெரியதைத் தருவான். சாவி கைக்கு வந்ததும் வண்டியைச் சுற்றி வந்து வீடியோ எடு. இன்ஷூரன்ஸ் என்று வாயைத் திறந்தால் மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லு, நாலாவது தடவை அவனே விட்டுவிடுவான்.

இன்றைக்கு நான் ஏர்போர்ட்டிலேயே, முதலில் கண்ணில் பட்ட கவுன்ட்டரில் வந்து நின்றுவிட்டேன். வாடகை என்ன என்றுகூடக் கேட்கவில்லை.

“ரோட்சைட் அசிஸ்டன்ஸும் சேர்க்கட்டுமா மேடம்? வழியில பங்ச்சர் ஆனா நீங்க வண்டிய விட்டு இறங்கவே வேணாம். எங்க ஆளு வந்து மாத்திக் குடுத்துடுவாரு.”

தலையை மட்டும் ஆட்டினேன்.

தம்பியும் இதைத்தான் கேட்டான். போன செவ்வாய்க்கிழமை, இதே ஊரில்.

கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து அவனும் அவன் மனைவியும் கிளம்பிய முதல் வெளிநாட்டுப் பயணம். டிக்கெட், அறை, வண்டி எல்லாம் நான் பார்த்துக் கொடுத்தது. மனைவியைப் பெட்டிகளோடு ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தள்ளி வந்து போன் பண்ணினான்.

“அக்கா, ரோட்சைட் அசிஸ்டன்ஸ்னு ஒண்ணு சொல்றாங்க. எடுக்கட்டா?”

“அதெல்லாம் தண்டம்டா. ஒரு டயர் மாத்தத் தெரியாதா உனக்கு?”

“உத்தரவு, ராணி” என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

டயர் மாற்ற அவனுக்கு நன்றாகவே தெரியும். அப்பாவின் பழைய காரில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கற்றுக்கொண்டது. மறுநாள் நெடுஞ்சாலை ஓரத்தில் குந்தி உட்கார்ந்து மூன்று நட்டைக் கழற்றிவிட்டானாம். பின்னால் வந்த லாரிக்காரர் கவனிக்கவில்லை.

அவன் மனைவி தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அவள் பிழைத்தாள்.

அவனை ஊருக்கு அனுப்பக் கையெழுத்துப் போட வேண்டும். அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஆஸ்பத்திரி இங்கிருந்து இரண்டு மணி நேர ஓட்டம்.

அவள் முகத்தில் எப்படி முழிக்கப் போகிறேன்? விமானத்தில் வரும் வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைத்தான் ஒத்திகை பார்த்தேன். ‘நான்தான்மா வேண்டாம்னு சொன்னேன்.’ அவள் என்னைத் திட்டட்டும், அடிக்கட்டும். திட்டினால்தான் எனக்கு மூச்சே வரும்.

சாவியை வாங்கிக்கொண்டு வந்தேன். வீடியோ எடுக்கவில்லை. பெட்டியை வைக்க டிக்கியைத் திறந்தால், உள்ளே புத்தம் புதிய ஸ்டெப்னி, பக்கத்தில் ஜாக்கி. படாரென்று மூடிவிட்டேன்.

சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டும்போது போன் வந்தது. தம்பி மனைவி. இந்த நாலு நாளும் அவளுடைய அண்ணன்தான் எனக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் குரலை இப்போதுதான் கேட்கிறேன். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

“அக்கா, வண்டி எடுத்துட்டீங்களா? அந்த ரோட்சைட் அசிஸ்டன்ஸ் போட்டீங்கல்ல?”

கேட்டுவிட்டாள். கொண்டு வந்த வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

“டயர் போனதும் அவர்கிட்ட சண்டை போட்டேன்க்கா. ‘இதுக்குத்தானே அதைப் போடணும், அக்காவ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல’ன்னேன். ‘கேட்டேன், அவ போடத்தான் சொன்னா, நான்தான் கேக்கல. அவகிட்ட சொல்லிடாத, திட்டுவா’ன்னு சிரிச்சுக்கிட்டே ஜாக்கிய எடுத்துட்டு இறங்கினாரு. உங்க பேச்சக் கேட்டிருக்கலாம்லக்கா…”

அவள் விம்மிக்கொண்டிருந்தாள். நான் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பாவி. எனக்கும் சேர்த்துப் பேச்சு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

இவ்வளவு தூரம் சுமந்து வந்த வாக்கியம் தொண்டையிலேயே நின்றது. அதைச் சொன்னால், அவன் அவளிடம் கடைசியாகச் சொன்னது பொய்யாகிவிடும்.

“அக்கா? போட்டீங்கல்ல?”

“போட்டிருக்கேன்மா” என்றேன். “எல்லாத்தையும் போட்டிருக்கேன்.”