லூர்துமேரி பிடித்த காய்

மனநல மருத்துவமனையிலிருந்து இரண்டு மாதம் கழித்துத் திரும்பிய பாக்கியநாதன், தன் இளநீர் வண்டியருகே நின்றான். மாத்திரையால் கை நடுங்கியது.

"பொண்டாட்டி மண்டையப் பொளந்தவன் கையில மறுபடி அரிவாளா?" என்று மளிகைக்கடைக்காரர் கூட்டம் சேர்த்தார்.

அந்தப் பொண்டாட்டி லூர்துமேரி, முடியை ஒதுக்கித் தழும்பை எல்லோருக்கும் காட்டினாள்.

"ஆமா, பொளந்தாரு. காதுக்குள்ள ஏதோ குரல் சொல்லுச்சு, செஞ்சாரு. வாங்குனது நானு. பயப்படணுமா வேணாமான்னு நான் சொல்றேன். நீங்க யாரு?"

தானே ஒளித்துவைத்திருந்த அரிவாளைச் சாக்குக்கு அடியிலிருந்து எடுத்து அவனிடம் கொடுத்தாள். அவனுடைய இடது கையில் காய் நிற்கவில்லை. அதை வாங்கித் தன் இரு கைகளாலும் பிடித்து நீட்டினாள்.

"வெட்டுங்க."

அரிவாள் உயர்ந்தது. தெருவே கண்ணை மூடிக்கொண்டது. லூர்துமேரி மூடவில்லை.