குண்டனுக்கு என்ன காய்ச்சல்?

"டாக்டர், சீக்கிரம் பாருங்க!" நாயைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்த கணவர், அதை மேசையில் கிடத்தினார்.

"மூணு நாளா குண்டன் வாசலைத் தாண்டலை," என்றாள் மனைவி. "இவர் லீவு போட்டு வீட்டுலதான் இருக்கார். அப்படியும் கட்டிலடியை விட்டு நகர மாட்டேங்குறான்."

கால்நடை மருத்துவர் நாயின் வாயைத் திறந்து பார்த்தார். "வீட்டுப் பக்கம் எலி உண்டா?"

"சாக்கடை முழுக்க எலிதான். போன வாரம் அடைப்பெடுக்க இவர் முழங்கால் தண்ணியில இறங்கினார். இவனும் கூடவே குதிச்சான்."

"அய்யோ, எலிக்காய்ச்சலா? பிழைச்சுக்குவானா டாக்டர்?" கணவர் நாயின் தலையைக் கட்டிக்கொண்டார்.

"கெண்டைக்கால் வலிக்குதா?"

"நாய் எப்படி டாக்டர் சொல்லும்?"

"உங்களைத்தான் கேட்டேன்."

"எனக்கா? ரெண்டு நாளா உயிர் போகுது. அதை விடுங்க, இவனைப் பாருங்க."

மருத்துவர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். "எலிக்காய்ச்சல்னு சந்தேகம். உடனே அனுப்புறேன்."

"குண்டனை அங்கே சேர்த்துக்குவாங்களா?"

"அவன் இதுக்கு வருஷா வருஷம் தடுப்பூசி போட்டவன், கல்லு மாதிரி இருக்கான்." மருத்துவர் கணவரின் நெற்றியில் கை வைத்தார். "கண்ணு சிவந்து, உடம்பு கொதிக்கிறது உங்களுக்கு. மூணு நாளா உங்களுக்குத்தான் காவல் படுத்திருக்கான். இப்பவே போனா சீக்கிரம் குணமாயிடும்."

மனைவி கணவரின் கையைப் பிடித்து இழுத்தாள். "நடங்க. ஊசின்னா குண்டன் வாயே திறக்க மாட்டான். நீங்கதான் ஊரைக் கூட்டுவீங்க!"