மூன்று மணிக்குக் கழன்ற ஒயர்

போன ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர் ஆராதனை முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது சலோட்டே எனக்குச் சொன்னது இது. இங்கே பிஜித் தீவில், சுவா நகரத்துப் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறவள் அவள்.

அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் இசிகேலி என்று ஒருவன். தினமும் மூன்று மணி ஆனால் அவன் போன் அடிக்கும்.

"அடேய் இசிகேலி, என் பெட்டி செத்துப்போச்சு. ஓடி வாடா!"

கூப்பிடுவது மேலே புத்தகம் கொடுக்கும் கவுண்டரில் இருக்கும் நூலகர் அகனிசி. வயது ஐம்பத்தெட்டு. எங்கள் தீவு வழக்கப்படி அவள் ஊருக்கும் இவன் ஊருக்கும் கேலி முறை. எவ்வளவு ஏசினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கீழ்த்தளத்தில் புது மாணவர்கள் பாஸ்வேர்டுக்கு வரிசையில் நிற்பார்கள். அவர்களை விட்டுவிட்டு இரண்டு மாடி ஏறுவான். மேசைக்கு அடியில் தவழ்ந்து பார்த்தால், பிளக் கழன்று கிடக்கும்.

"கிழவி, இதுக்கா கூப்பிட்டே? உன் ஊருக்குக் கரண்ட் வந்து எத்தனை நாளாச்சு?"

"உன் ஊருக்கு இன்னும் வரலியே, அதனாலதானே இங்க வந்து ஒட்டிக்கிட்டிருக்கே? கையைக் கழுவு. தேங்காய்ப்பால்ல மீன் போட்டிருக்கேன். மரவள்ளியும் இருக்கு."

"பசிக்கலை."

"வேலை பார்த்தவன் வெறும் வயித்தோட போனா எனக்குத்தான் அவமானம். உட்காருடா!"

முணுமுணுத்துக்கொண்டே தின்றுவிட்டு இறங்குவான். மறுநாள் மவுஸ் ஒயர். அதற்கு மறுநாள் பிரிண்டர் சுவிட்ச்.

மனைவி இறந்துபோன பிறகு வேலை ஒன்றுதான் அவனுக்குத் துணை. அதையும் நிம்மதியாகப் பார்க்க விடமாட்டேன் என்கிறாளே!

ஒன்பது வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அப்புறம் பதிவாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டான். 'நாற்பத்தோரு முறை போயிருக்கிறேன். முப்பத்தொன்பது முறை வெறும் ஒயர். இவருக்குக் கம்ப்யூட்டரே தெரியவில்லை.'

பதிவாளர் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"இது உண்மையா, அகனிசி?"

"உண்மைதான் ஐயா. எனக்கு அதெல்லாம் புரியறதில்லை."

"அப்ப திங்கட்கிழமையிலிருந்து பின்பக்கப் புத்தகக் கிடங்குக்குப் போயிடுங்க. கவுண்டருக்கு வேற ஆள் போட்டுக்கறேன்."

முப்பது வருஷம் பிள்ளைகளின் முகம் பார்த்து உட்கார்ந்தவள். கண் கலங்கியது. ஆனாலும் 'சரிங்க ஐயா' என்று எழுந்து போய்விட்டாள்.

அந்த இடத்துக்கு வரப்போவது சலோட்டே. அன்று மாலையே அவள் பேரைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் போனான் இசிகேலி.

"இனிமே ஒயர் கழன்றா நீயே மாட்டிக்க தாயே. உனக்குப் புண்ணியமாப் போகும்."

சலோட்டே முறைத்தாள். "எனக்கு மாட்டத் தெரியும். அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. இந்த நூலகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தப்ப, ஒயர் இழுத்து மாட்டினதே அவங்கதான்."

"என்னது? பின்னே எதுக்குத் தினமும் என் உயிரை வாங்கினாங்க?"

"உன் பெண்டாட்டியைப் புதைச்ச நாள்லேர்ந்து யார் கூப்பிட்டாலும் நீ சாப்பிடப் போனியா? காலையில உன் கம்ப்யூட்டர் அறைக்குள்ள பூந்தா, இருட்டினப்புறம்தான் வெளியே வருவே. துக்கத்துல இருக்கிறவன் விருந்தை வேண்டாங்கலாம். வேலை பார்த்த இடத்துல குடுக்கிற சோத்தை வேண்டாங்க முடியாதே! மூணு மணிக்கு மீனைச் சூடு பண்ணி வச்சுட்டு, அந்த முட்டிவலியோட அவங்களே குனிஞ்சு ஒயரைப் பிடுங்குவாங்க."

"ஐயாகிட்ட சொல்லியிருக்கலாமே..."

"சொன்னா அதோட நீ சாப்பிட வர மாட்டியேன்னுதான் வாயை மூடிக்கிட்டாங்க."

இசிகேலி படியில் விழுந்தடித்துக்கொண்டு பதிவாளர் அறைக்கு ஓடினான்.

"ஐயா, நான் குடுத்த தாளைக் கிழிச்சுப் போடுங்க. ஒண்ணுமே தெரியாதவன் நான்தான்!"

மாற்றல் உத்தரவு கையெழுத்தாகிவிட்டதாம்; யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். இன்றுவரை பதில் இல்லை. இன்றைக்கு ஜெபம் பண்ணும்போது, அகனிசியின் பேரையும் ஒரு தடவை சொல்லுங்கள்.