சின்ன கிளாஸ்

"பீரா? இந்த ஊர்லயா? அப்படி எதுவும் இல்லையே சார்!" என்றார் லாட்ஜ் மேனேஜர்.

"சொந்தமா காய்ச்சி விக்கிறவர் ஒருத்தர் இருக்காராமே? பிரமாதமா இருக்கும்னு கேள்விப்பட்டேன்."

"இருந்தாரு. கடையை மூடியாச்சு." சொல்லிவிட்டு, ஏற்கெனவே துடைத்த மேசையை மறுபடி துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

கேட்டவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஊர் ஊராகப் போய், அங்கங்கே காய்ச்சும் பீரைத் தேடிக் குடித்துப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று பத்திரிகையில் மார்க் போடுகிறவர். வாசகர்கள் வைத்த பெயர் மார்க் வாத்தியார். பதினோரு வருடத்தில் எவருக்கும் ஏழுக்கு மேல் போட்டதில்லை. தயவு தாட்சண்யமே கிடையாது.

தெருவில் தபால்காரம்மாவை நிறுத்திக் கேட்டார்.

"அதுவா? ரொம்ப தூரம் சார். போற வழியில பாலம் வேற உடைஞ்சு கிடக்கு."

சலூன்காரரைக் கேட்டார்.

"இன்னிக்கு லீவு சார்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் லீவுதான்!"

வாத்தியாருக்கு ஒன்றும் புரியவில்லை. மற்ற ஊர்களில் எல்லாம் கேட்ட மாத்திரத்தில் கையைப் பிடித்துக் கூட்டிப் போவார்கள். இங்கே என்னடாவென்றால் விரட்டாத குறை. வெளியாள் குடித்தால் பங்கு குறைந்துவிடும் என்ற வயிற்றெரிச்சலா? இப்படிப் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள் என்றால் அது எப்பேர்ப்பட்ட பீராக இருக்கும்! குடிக்காமல் ஊரைவிட்டுப் போவதில்லை என்று முடிவு செய்தார்.

சாயங்காலம் தன் மூக்கை நம்பி நடந்தார். தானியம் வேகும் வாசனை மூன்றாவது சந்திலேயே வந்துவிட்டது. தூரமும் இல்லை, பாலமும் இல்லை. கதவைத் தள்ளினால் உள்ளே உட்கார இடமில்லை. ஒரே மேசையில் மேனேஜர், தபால்காரம்மா, சலூன்காரர்! இவரைப் பார்த்ததும் மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

"வாங்க சார், வாங்க!" பீர்க்காரர் மட்டும் வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தார். இவர் பெயரைக் கேட்டதும், "அடடே, மார்க் வாத்தியாரா! உங்க எழுத்தை ஒரு வாரம்கூட விட்டதில்ல சார்!" என்று ஒரு கிளாஸ் கொண்டுவந்து வைத்தார்.

கிளாஸா அது? மருந்து அளக்கும் மூடியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

'மகா கஞ்சன்!' என்று நினைத்துக்கொண்டே வாத்தியார் ஒரு மடக்கு குடித்தார்.

ஊறப்போட்டு மறந்துபோன சாக்ஸைப் பிழிந்து ஊற்றிய மாதிரி இருந்தது. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவர் விழிப்பதைப் பார்த்து, சலூன்காரர் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார்.

"சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சத்தம் போடாதீங்க," என்று காதில் கிசுகிசுத்தார். "போன வருஷம் அண்ணனுக்கு ஒரு ஜுரம். பிழைச்சு எழுந்தாரு. ஆனா வாசனையும் போச்சு, ருசியும் போச்சு. பழைய கைப்பழக்கத்துல காய்ச்சுறாரு, இப்படி வருது."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"முதல் தடவை குடிச்சப்போ, பாவம், இப்பதானே படுக்கையிலேர்ந்து எழுந்து வந்திருக்காருன்னு 'முன்னைவிட நல்லாயிருக்கு'ன்னு சொல்லிட்டோம். இப்ப எந்த வாயால மாத்திச் சொல்றது? சொன்னா மனுஷன் அன்னிக்கே உடைஞ்சு உட்கார்ந்துடுவாரு. அதான் வெளியாளை விடறதில்ல. முன்னெல்லாம் கிளாஸ் இவ்வளவு உயரம் இருக்கும். ஜுரத்துக்கு அப்புறம் அண்ணனுக்குக் கஞ்சத்தனம் வேற வந்திருக்கு. நாங்க தப்பிச்சோம்!"

அதற்குள் பீர்க்காரர் வந்து நின்றார். ஈரக் கையை வேட்டியில் துடைத்து, பரிசுக்கு நிற்கும் பிள்ளைபோல் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தனை மார்க் சார்?"

தபால்காரம்மா இரண்டு கையையும் மேசைக்கு அடியில் கூப்பியே விட்டார்.

வாத்தியார் பீர்க்காரரின் முகத்தைப் பார்த்தார். பதினோரு வருடமாகக் காப்பாற்றி வந்த நாணயம் தொண்டையில் வந்து நின்றது. அதையும் மிச்ச பீரையும் சேர்த்து ஒரே மடக்கில் விழுங்கினார்.

"பத்துக்குப் பத்து!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது பீர்க்காரர் வாசல்வரை வந்தார்.

"ஆனா எழுதப் போறதில்ல," என்றார் வாத்தியார். "எழுதினா கண்டபடி கூட்டம் வந்து உங்களைப் படுத்தும்."

பீர்க்காரர் சிரித்தார். "ஏழு மார்க்கைத் தாண்டாத கை சார் உங்களுது. இதுக்குப் போய்ப் பத்து போட்டீங்களே!"

வாத்தியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நாக்கும் மூக்கும்தான் சார் போச்சு. கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஒவ்வொரு மடக்குக்கும் இவங்க மூஞ்சி போற போக்கைத் தினமும் பார்க்கிறேனே!"

"தெரிஞ்சுக்கிட்டேவா காய்ச்சுறீங்க? நிறுத்திடலாமே!"

"எப்படி சார்? என் மனசு நோகக் கூடாதுன்னு ஒரு வருஷமா ஒரு நாள் தவறாம வந்து குடிக்கிறாங்க. எனக்கு எல்லாம் தெரியும்னு தெரிஞ்சா இவங்க மனசு என்ன பாடுபடும்?"

உள்ளே சலூன்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கடைசி மடக்கை விழுங்கிக்கொண்டிருந்தார்.

"பாவம் சார். என்னால ஆனது, கிளாஸை மட்டும் சின்னதாக்கிட்டேன்."